செப்பனிட்ட செலவைத் திரும்பப் பெறுதல்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் கடை வைத்திருப்போருக்கெல்லாம் கொண்டாட்டம். நெசவாளருக்கு மட்டும் திண்டாட்டம். கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிய பாவு உலர்வதில்லை. மலைக் கணவாய் வழியே வரும் காற்றில் மின்சாரம் நின்று நின்று வருகிறது. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமையன்று, நான் காரியதரிசியாக ஊழியம் செய்துவரும் சங்கத்தின் கணிப்பொறி உயிர் பெற மறுத்துவிட்டது. திரையில் ஒரு வரி தோன்றியது, உள்ளேயிருந்து பல்லி கத்துவது போன்ற சப்தம் கேட்டது, அவ்வளவே. அங்கத்தினரின் கூலிக் கணக்கு, நூல் கொடுத்த கணக்கு, சேமிப்புப் பிடித்தம், வங்கிக் கணக்கு எண்கள் ஆகிய யாவும் அதனுள் இருந்தன. சனிக்கிழமை கூலி நாள்.

கணிப்பொறியை உற்பத்தி செய்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்திற்குத் தொலைபேசியில் பேசினோம். பத்து நாளாகும் என்றும், உள்ளேயிருக்கும் கணக்குகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் பதில் கிடைத்தது. பத்து நாள் வரை கூலியை நிறுத்தி வைக்க எந்த நிர்வாகக் குழு துணியும்? ஆகவே தென்காசியில் கோயிலை ஒட்டிய தெருவில் சிறு கடை வைத்திருக்கும் ஓர் இளைஞரை அழைத்து வந்தோம். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்து, ஹார்டு டிஸ்க் என்னும் நினைவுத் தட்டு கெட்டுவிட்டது என்றார். புதிய டிஸ்க் ரூ. 4,300, பொருத்தும் கூலி ரூ. 500, பழையதிலிருந்து எடுக்க முடிந்த கணக்குகளை எடுத்துக் கொடுக்க ரூ. 2,000, ஆக மொத்தம் ரூ. 6,800. வெள்ளி இரவு வேலை முடிந்தது. சனிக்கிழமை கூலி பட்டுவாடா ஆயிற்று. புறப்படும்போது அவர், "அண்ணாச்சி, பழசைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். எங்கள் எழுத்தர் அதை வாங்கி, உடைந்த நாடாக்களும் பழைய அச்சுக் கம்பிகளும் கிடக்கும் பெட்டியில் போட்டுக்கொண்டார். அந்தப் பெட்டியைப் பற்றி நான் அவரைப் பலமுறை கடிந்துகொண்டவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆவணி மாதம், அந்நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட காலத்தில் தயாரான, குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு உட்பட்ட டிஸ்குகளில் உற்பத்திக் குறை இருப்பதாகத் தெரிய வந்துள்ளது. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இலவசமாக மாற்றித் தருவோம் என்பது அதன் சாரம். பெட்டியைத் திறந்து பழைய டிஸ்கின் முத்திரைத் தாளைப் பார்த்தோம். எங்கள் எண் அந்த வரிசைக்குள் இருந்தது.

உடனே கடிதம் எழுதினோம். வந்த பதில் மூன்றே வரி: தாங்கள் தாங்களாகவே பாகத்தை மாற்றிக்கொண்டுவிட்டபடியால் இத்திட்டத்தின் கீழ் மாற்றித் தருவதற்கு ஏதுமில்லை; வெளியாரிடம் செய்துகொண்ட வேலைக்கு நிறுவனம் பணம் தருவதில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒரு பஞ்சாயத்தார், "நிறுவனம் இனாமாகச் செய்து தரும் வேலைக்குச் சங்கப் பணம் ஏன் செலவழிந்தது என்று தணிக்கையாளர் கேட்பாரே?" என்றார். நியாயமான கேள்வி. செலவு செய்த நாளில் அது இனாம் என்று யாருக்கும் தெரியாது என்பதே விடை. ஆனால் அந்த விடையைக் காகிதத்தில் நிறுவ வேண்டியிருந்தது. அந்த முயற்சியில் அறிந்துகொண்டவற்றை, இதே நிலை ஏனைய சங்கங்களுக்கும் வரக்கூடும் என்பதால் இங்கு எழுதுகிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கணிப்பொறி இல்லாத சங்கம் இனி அரிது. பழுதாகாத கணிப்பொறி அதனினும் அரிது.

முதலில், நாங்கள் கேட்டது உலகத்தில் இல்லாத வழக்கமா என்று பார்த்தோம். அப்படியில்லை. 2004 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம், தனது ஐபுக் மடிக்கணினிகளில் ஒரு தொகுதியின் தாய்ப்பலகை குறையுடையது என்று ஒப்புக்கொண்டு இலவசமாகச் செப்பனிட முன்வந்தது; அதற்கு முன்பே காசு கொடுத்துச் செப்பனிட்டவர்களுக்கு அத்தொகையைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. 2018 ஜூனில் அதே நிறுவனம் மடிக்கணினி விசைப்பலகைகளுக்காக அறிவித்த திட்டத்திலும், முன்னரே செலவு செய்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற வாசகம் இருந்தது. இவையெல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த நிலையங்களிலோ அங்கீகாரம் பெற்ற நிலையங்களிலோ செலவிட்ட பணத்தைக் குறித்தவை என்பது உண்மை. தெருமுனைக் கடையில் செலவிட்ட பணத்திற்கு வழி என்ன என்பதே நம்மவர் கேள்வி.

இன்னொரு பழைய வரலாறும் நினைவுகொள்ளத் தக்கது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி என்பவர், இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகப் போடுவதைக் கண்டுபிடித்தார். சாதாரண உபயோகத்திற்கு அதனால் கேடில்லை, உயர்ந்த கணக்கு வேலைக்குத் தேவை என்று காட்டுவோருக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்று நிறுவனம் முதலில் பிடிவாதம் பிடித்தது. கோபம் நாடெங்கும் பரவியது; டிசம்பர் 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் அச்சில்லு பொருந்திய தன் இயந்திரங்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. டிசம்பர் 20ஆம் நாள் இன்டெல் மன்னிப்புக் கோரி, காரணம் கேளாமல் எவர்க்கும் மாற்றித் தர இசைந்தது. அதன் பொருட்டு அந்நிறுவனம் தன் கணக்கில் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். "இது உனக்குத் தேவைதானா என்று நிரூபி" என்று வாங்கியவனிடம் கேட்பது எவ்வளவு விலையுயர்ந்த கேள்வி என்பதை அந்தத் தொகை சொல்லும்.

ஆனால் தாமே செப்பனிடுவது எப்போதும் நன்று என்று நான் சொல்ல வரவில்லை. நெருப்புப் பற்றும் அபாயமுள்ள பாகங்களில் கை வைக்கலாகாது. ஸோனி நிறுவனம் தயாரித்த மடிக்கணினி பாட்டரிகளில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துவிட்டன. அவை உள்ளே குறுக்குச் சுற்றை ஏற்படுத்தித் தீப்பிடிக்கச் செய்தன. 2006ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் மட்டும் 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்ப அழைத்தது. ஆப்பிள் 18 லட்சம். இத்தகைய பாட்டரியைப் பிளந்து கலங்களை மாற்றிக் கட்டுவது விவேகமன்று. 2020இல் என்இசட்எக்ஸ்டி என்ற நிறுவனம் தனது கணிப்பொறிப் பெட்டி ஒன்றில், ஒரு திருகாணி மின்பாதையைத் தொட்டுத் தீ உண்டாக்கக் கூடும் என்று கண்டு, பிளாஸ்டிக் திருகாணிகளை வீட்டுக்கே அனுப்பித் தாங்களே மாட்டிக்கொள்ளச் சொன்னது. அது போதாது என்று பின்னர் தெரிந்து, 2021 பிப்ரவரியில் அந்தப் பெட்டி முறைப்படி திரும்ப அழைக்கப்பட்டது. நிறுவனம் சொல்லித் தந்த செப்பமே தவறாக முடிந்த கதை இது. டிஸ்க் மாற்றுவது இவ்வகையைச் சேர்ந்ததன்று. நான்கு திருகாணி, இரண்டு இணைப்பு.

இனிச் சட்டத்திற்கு வருவோம். நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக விளையும் நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்கிறது. அப்பிரிவின் கீழுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று நமக்கு மிகப் பொருத்தம். ஒருவர் மற்றொருவரின் வீட்டைக் குறிப்பிட்ட முறையில் செப்பனிட்டுத் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு, சொன்னபடி செய்யவில்லை. வீட்டுக்காரர் அதைச் சரிப்படுத்த ஆகும் செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம். குறையை வேறு கை நீக்கினாலும் செலவு குறைக்குக் காரணமானவரையே சாரும் என்பது இதன் உட்கிடை. அதே பிரிவின் விளக்கம், நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க இருந்த வழிகளையும் கருத வேண்டும் என்கிறது. கூலி நாளுக்குமுன் ரூ. 6,800 செலவிட்டு நாங்கள் செய்தது அதுதான். கையைக் கட்டிக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் இன்னும் பெருகியிருக்கும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அடுத்தது. இதில் "நபர்" என்ற சொல்லின் பொருள்விளக்கத்திலேயே கூட்டுறவுச் சங்கம் இடம்பெற்றிருக்கிறது. எனவே சங்கம் புகார் கொடுக்கலாமா என்ற ஐயம் அந்த அளவில் எழாது. ஐயம் வேறோரிடத்தில் எழுகிறது. வாணிப நோக்கத்திற்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கினால் ஆவார். வீட்டில் கணிப்பொறி வைத்துச் சேலைக் கரைக்கு டிசைன் போடும் நெசவாளியோ, சந்தை விலை பார்க்கும் புளியங்குடி எலுமிச்சை விவசாயியோ இதில் தடையின்றி வருவர். சங்கத்தின் நிலை அவ்வளவு தெளிவன்று. மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று செவிலியர் தங்குவதற்கு வீடுகள் வாங்கியது வாணிப நோக்கமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. வாங்கியதன் முதன்மை நோக்கம் எது என்று பார்க்க வேண்டும் என்றது. ஆனால் 2025 நவம்பரில், தன் தொழில் நடைமுறைகளைத் தானியங்கச் செய்வதற்காக மென்பொருள் வாங்கிய ஒரு கம்பெனியை நுகர்வோர் அல்லர் என்று அதே நீதிமன்றம் கூறியது. லாபத்திற்காக அன்றி அங்கத்தினரின் கூலிக் கணக்கை வைத்துக்கொள்ள வாங்கிய இயந்திரம் எந்தப் பக்கம் சாயும்? நல்ல வழக்கறிஞர் இரு பக்கமும் பேசுவார். என் அபிப்பிராயம், இந்தத் தடையை எதிர்க்கட்சி எழுப்பும் என்று எதிர்பார்த்தே சங்கம் புகார் எழுத வேண்டும் என்பது.

வேறொரு பள்ளமும் உண்டு. அச்சட்டத்தில் "பொருட்பொறுப்பு" என்று தனி அத்தியாயமே இருக்கிறது என்று சிலர் உற்சாகமாகச் சொல்வர். அதில் "தீங்கு" என்பதன் பொருளில், அந்தப் பொருளுக்கே நேர்ந்த கேடு சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பாட்டரி வெடித்து வீடு எரிந்தால் அந்த அத்தியாயம் உதவும். டிஸ்க் கெட்டதற்கு உதவாது. போதாக்குறைக்கு, பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்பனையாளர் மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று 87ஆம் பிரிவு கூறுகிறது. நாம் நாட வேண்டியது "பொருளில் குறைபாடு" என்ற சாதாரண வழியே. குறைபாட்டுக்கு விலையைத் திருப்பித் தரவும் நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவிட மாவட்ட ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. கொடுத்த விலை ரூ. 5 லட்சத்துக்குட்பட்டிருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. விற்பனையாளரின் ஊரைத் தேடிப் போக வேண்டுவதில்லை. புகார் செய்பவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பழைய பாகம். பரிசோதனையின்றிக் குறையை அறிய முடியாதபோது, பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி சட்டம் சொல்கிறது. தூக்கியெறிந்துவிட்டவர் எதை அனுப்புவார்? இதில் நம் விவசாயிகளுக்கு ஆறுதலான ஒரு தீர்ப்பு உண்டு. முளைக்காத விதையால் ஆந்திர விவசாயிகள் அடைந்த நஷ்டம் பற்றிய வழக்கில், தேசிய விதைக் கழகம் விதை மாதிரி எங்கே என்று கேட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி பரிசோதனைக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் கூறிவிட்டது. விதை மண்ணுக்குள் போய்விடும். டிஸ்க் அப்படிப் போவதில்லை. ஆதலால் அந்தச் சலுகையை நாம் நம்பியிருக்கலாகாது. எழுத்தரின் பழம்பெட்டிக்கு நான் அன்று மனதுக்குள் வணக்கம் சொன்னேன்.

அந்தப் பெட்டியிலிருந்த டிஸ்கே எங்களுக்கு அடுத்த தொல்லையாகவும் ஆயிற்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் எங்கள் குறையைப் பதிவு செய்தோம். ரசீதின் நகல், டிஸ்கின் வரிசை எண் தெரியும் புகைப்படம், மின்சாரக் கோளாறன்று என்று கடைக்கார இளைஞர் எழுதிக் கொடுத்த குறிப்பு, செலவு அறிவிப்புக்கு முந்தியது என்பதைக் காட்டும் தேதி, நிறுவனத்தின் மூன்று வரிப் பதில் ஆகியவற்றை இணைத்தோம். சில வாரங்களில் நிறுவனத்தின் குரல் மாறியது. பழைய டிஸ்கை அனுப்பி வைத்தால் பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

அனுப்பலாமா? குழுவில் இதற்குத்தான் நெடுநேரம் விவாதம். கெட்டுப்போன டிஸ்க் என்றாலும் அதிலிருந்து நம் இளைஞரே கணக்குகளை எடுத்தார் அல்லவா? வேறொருவரும் எடுக்கலாம். அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது எல்லாம் அதில் உள்ளன. பழுதானபடியால் அழிக்கவும் முடியவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் ஒரு சட்டமே வந்திருக்கும்போது, ரூ. 6,800க்காக அங்கத்தினரின் அந்தரங்கத்தை ஒரு காகிதப் பெட்டியில் கட்டித் தபாலில் போட எங்களுக்குத் துணிவு பிறக்கவில்லை. அனுபவமுள்ள ஒரு பெரியவர், "பணம் போனால் அடுத்த தறியில் வரும், பேர் போனால் எந்தத் தறியில் வரும்?" என்று கேட்டார். அத்தோடு விவாதம் நின்றது. அனுப்புவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் மறுப்போடு நில்லாமல் மாற்று வழியும் எழுதினோம். தங்கள் நிலையத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து டிஸ்கைப் பார்த்து எண்ணைச் சரிபார்க்கட்டும். அவர் முன்னிலையிலேயே அதைத் துளையிட்டு அழித்துவிடுகிறோம் என்றோம். பெரிய அலுவலகங்களுக்கு விற்கும் கணிப்பொறிகளில், கெட்ட டிஸ்கை வாங்கியவரே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு அளித்து வருகின்றன என்பதையும் சுட்டிக்காட்டினோம். நான் எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். எண்ணைக் குறித்துக்கொண்டார், படம் எடுத்தார். தறிச் சாமான் செய்யும் தச்சர் பட்டறைத் துளைப்பானால் டிஸ்கில் மூன்று துளை போட்டார். அலுவலர் கையொப்பமிட்டுப் போனார். தை மாதம் சங்கக் கணக்கில் ரூ. 4,300 வந்து சேர்ந்தது. பொருத்திய கூலியும் கணக்கை மீட்ட செலவும் தம் திட்டத்தில் அடங்கா என்று ஒரு கடிதம் உடன் வந்தது.

மீதி ரூ. 2,500க்காக மேலே போவதா என்பது குழுவின் முன் இருக்கிறது. காலக்கெடுவுக்கு இன்னும் மாதங்கள் உள்ளன. அதே வரிசை எண்ணுள்ள டிஸ்க் வேறு சங்கங்களிலும் இருக்குமானால், ஒரே நலனுடைய நுகர்வோர் பலர் ஆணையத்தின் அனுமதி பெற்றுச் சேர்ந்து புகார் கொடுக்கச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்படிப்பட்ட சங்கத்தார் தங்கள் ரசீதையும் எண்ணையும் குறித்து எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் நலமாயிருக்கும். வந்த ரூ. 4,300ஐ, கணிப்பொறிப் பராமரிப்புச் செலவில் கழித்து எழுதியிருக்கிறோம். தணிக்கையாளர் அதற்கு ஆதாரம் கேட்டார். துளையிட்ட டிஸ்கை எடுத்துக் காட்டினோம். அதை என்ன தலைப்பில் பதிவது என்று சற்று யோசித்துவிட்டு, சாமான் பதிவேட்டில் "உபயோகமற்றது, ஒன்று" என்று எழுதச் சொன்னார்.